திண்டிவனத்திலிருந்து எட்டு நிமிஷம்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு, தலையில் தகரத்தைக் கவிழ்த்துக்கொண்டு வந்து எவன் எதைச் சொன்னாலும் வேதவாக்காகிவிடுகிறது. நேற்று வரைக்கும் ஜவுளிக்கடையில் முழம் போட்டுக்கொண்டிருந்த பையன் கையில் ஒரு துணிப்பட்டியைக் கட்டிக்கொண்டு வந்து விளக்கை அணை என்றால் அணைக்கிறார்கள், குழியில் இறங்கு என்றால் இறங்குகிறார்கள். அவன் துணி அளக்கும்போது விரற்கடை விரற்கடையாகத் திருடுகிறான் என்று கடை வாசலில் நின்று சண்டை போட்டவர்களும் இவர்களேதான். முழத்தில் திருடியவன் வானத்தை அளந்து சொன்னால் மட்டும் சரியாக இருக்குமா? சுப்பராயலுவுக்கு அதுதான் தாங்கவில்லை.

நாற்பத்திரண்டாம் வருஷத்துச் சித்திரை. ரங்கூன் விழுந்துவிட்டது, அடுத்தது மதராஸ்தான் என்று பேச்சு. பட்டணத்து ஜனங்கள் அண்டா குண்டானோடு ரயிலேறி விழுப்புரத்தில் வந்து இறங்கினார்கள். விழுப்புரத்து ஜனங்களில் கையில் நாலு காசு உள்ளவர்கள் அதே ரயிலில் ஏறித் தெற்கே போனார்கள். இறங்குகிறவன் எதைப் பத்திரம் என்று நினைத்து இறங்குகிறானோ, ஏறுகிறவன் அதையே ஆபத்து என்று சொல்லி ஏறினான். ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தெருவில் சுப்பராயலு இதையெல்லாம் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே பார்த்தார். பாரவண்டி ஓட்டி வயதானவர். திண்டிவனம் ரோட்டில் அவர் வண்டிச் சக்கரம் படாத பள்ளம் கிடையாது.

ஒரு நாள் காலையில் ஜவுளிக்கடை மாசிலாமணி தகரத் தொப்பியும் கைப்பட்டியுமாக அந்தத் தெருவுக்கு வந்தான். குண்டு விழுந்தால் ஜனங்களை ஒதுக்கிக் காப்பாற்றுகிற வார்டனாக அந்தப் பக்கத்துக்கு அவனைத்தான் போட்டிருந்தார்கள். ஜனங்களைக் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னான்.

"எல்லாரும் நல்லா கேட்டுக்கோங்க. ஜப்பான்காரன் ஏரோப்ளேன் திண்டிவனத்துக்கு மேல வந்தா அங்கருந்து போன் வரும். உடனே ஸ்டேஷன்ல சங்கு ஊதுவாங்க. திண்டிவனத்துலருந்து இங்க வர்றதுக்கு அதுக்கு எட்டு நிமிஷம். போன் பேசி சங்கு ஊதறதுல ரெண்டு நிமிஷம் பூட்டா, பாக்கி ஆறு. அதுக்குள்ள அல்லாரும் குழிக்குள்ள இருக்கணும்."

"எத்தினி சொன்னே?" என்றார் சுப்பராயலு.

"எட்டு பெரிப்பா."

"மணியா?"

"நிமிஷம்."

"அடேய், ராத்திரி சோத்தத் துன்னுட்டு திண்டிவனத்துல வண்டி பூட்டினா இங்க வர்றப்போ பொழுது விடிஞ்சு பூடும். கூட்டேரிப்பட்டுல மாட்டுக்குத் தண்ணி காட்டணும். விக்கிரவாண்டில செத்த நேரம் அவுத்து விடணும். ரயிலே ஒரு மணி நேரம் மூச்சு வாங்கிக்கினு வருது."

"ஏரோப்ளேனுக்கு மாடு ஏது பெரிப்பா, தண்ணி ஏது?"

"தண்ணி குடிக்காம எதுடா ஓடும்? இஞ்சினே இங்க வந்து நின்னு வயிறு முட்டக் குடிச்சிட்டுத்தான் கெளம்புது. எட்டு நிமிஷம்னு யார் அளந்தது? நீ போயி முழம் போட்டுப் பாத்தியா?"

கூட்டம் சிரித்தது. வீட்டுக்குள்ளிருந்து அவர் பெண்டாட்டி கெங்கம்மாளின் குரல் வந்தது. "மாசிலாமணி, எட்டுன்னா அது ஊரு எட்டா, உன் கடை எட்டா?"

இந்தத் தடவை சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. மாசிலாமணியும் சிரித்தான். ஆனால் எல்லோரும் கலைந்த பிறகு அவன் போகவில்லை. வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தான். கெங்கம்மாள் கட்டிலில் கிடந்தாள். போன ஆடியில் வாதம் அடித்து அவளுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை. சற்றுக் கோணினாலும் அது பழைய வேலையைப் பழையபடியே பார்த்துக்கொண்டிருந்தது.

"பெரிம்மாவ இன்னா பண்ணப் போறீங்க?"

"அத நான் பாத்துக்கறேன். நீ உன் தொப்பியப் பாரு, காத்துல பறந்துடப் போவுது."

மாசிலாமணி குரலைத் தாழ்த்தினான். "தூக்க முடியலன்னா கட்டிலுக்குக் கீழ படுக்க வெச்சிட்டு நீங்க மட்டும் வந்துடுங்க பெரிப்பா. எங்களுக்கு அப்பிடித்தான் சொல்லிக் குடுத்துகீறாங்க. ரெண்டு பேரும் போறதுக்கு ஒருத்தராச்சும்..."

"போடா அந்தாண்ட!"

அவன் போய்விட்டான். அவன் தாழ்த்திச் சொன்னதுதான் போகவில்லை.

பதுங்கு குழி, கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் வெட்டப்பட்டிருந்தது. இரண்டு தெரு தாண்டி ஒரு சந்தில் திரும்ப வேண்டும். வண்டி பூட்டிக்கொண்டு போகலாம் என்றால், சங்குச் சத்தத்துக்கு மாடு நிற்காது. ஆள் வைத்துத் தூக்கலாம் என்றால், அந்த நேரத்தில் எவன் பெண்டாட்டியை எவன் தூக்குவான்? பிள்ளை குட்டி இல்லாத வீடு. இதையெல்லாம் சுப்பராயலு ஒருவரிடமும் சொல்லவில்லை. மாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒத்திகைக்குச் சங்கு ஊதினார்கள். தெரு மொத்தமும் செருப்பில்லாத காலோசையோடு ஓடியது. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி, தினமும் கெங்கம்மாளுக்குத் தலை வாரிவிடுகிறவள், தன் குழந்தைகளை இரண்டு இடுப்பிலும் வைத்துக்கொண்டு வாசலில் ஒரு நொடி நின்று உள்ளே பார்த்தாள். பிறகு அவளும் ஓடினாள்.

"வேணாம்யா," என்றாள் கெங்கம்மாள்.

அவர் கேட்கவில்லை. குனிந்து தூக்கினார். அவர் தூக்காத மூட்டையா? ஆனால் மூட்டைக்கு நாலு மூலை உண்டு, பிடித்த இடத்தில் நிற்கும். பாதி உயிரும் பாதி பாரமுமான உடம்பு பிடித்த இடத்தில் நிற்கவில்லை. ஒரு பக்கம் அணைத்தால் மறு பக்கம் வழிந்தது. வாசற்படி தாண்டினார். எதிர்வீட்டு முருங்கை மரம் வரைக்கும் போனார். அங்கே முழங்கால் மடங்கிற்று. அவளைக் கீழே போடாமல், அவளோடு சேர்ந்து தானும் உட்கார்ந்துவிட்டார். வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு இருவரும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோதே ஆபத்து நீங்கியதற்கான நீளச் சங்கு ஊதிற்று. குழியிலிருந்து ஜனங்கள் திரும்பி வந்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எதையாவது சொல்லிச் சிரித்திருந்தால் அவருக்கு நன்றாயிருந்திருக்கும்.

பாஞ்சாலியும் அவருமாகக் கெங்கம்மாளைக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

"பாத்தியா?" என்றாள் கெங்கம்மாள், பாஞ்சாலி போன பிறகு. "மாசிலாமணி சொன்னதுதான் சரி. என்னக் கட்டிலுக்கடில உட்டுட்டுப் போ."

"நீ கேட்டுட்டியா அத?"

"எனக்கு விழுந்தது கையும் காலும்தான். காது இல்ல."

சுப்பராயலு எழுந்து தொழுவத்துக்குப் போனார். எட்டு நிமிஷம் என்பது உண்மையென்றால் அவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதைச் செய்ய அவரால் முடியாது. ஆகவே எட்டு நிமிஷம் என்பது உண்மையாக இருக்கக் கூடாது. அவர் இதை இப்படி வரிசையாக நினைக்கவில்லை. எட்டு நிமிஷமாம் எட்டு நிமிஷம் என்று காறித் துப்பினார், அவ்வளவுதான்.

பொய் என்று துப்பிவிட்டாலும் தூக்கம் வந்தால்தானே. ஏரோப்ளேன் வேகமாக வரட்டும், மெதுவாக வரட்டும், எப்படியும் வழி பார்த்துத்தானே வர வேண்டும்? சண்டைக்கு முன்னால் விக்கிரவாண்டி பக்கம் வண்டி ஓட்டிக்கொண்டு போகையில் தபால் ஏரோப்ளேனைப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அது ரோட்டுக்கு நேர் மேலேதான் போயிற்று. பின்னே? மேலே மைல்கல்லா நட்டு வைத்திருக்கிறான், கிளை பிரிகிற இடத்தில் பலகையா அடித்து வைத்திருக்கிறான்? அவனும் கீழே ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டியாக வேண்டும். அப்படியானால் ரோட்டை விட்டு ஒதுங்கி இருக்கிறவனுக்குப் பயமில்லை.

மறுநாள் மாசிலாமணியைக் கடைவீதியில் நிறுத்தி இதைச் சொன்னார்.

"ரோடா? அதுக்குப் பொட்டி ஒண்ணு வெச்சிருப்பாங்க பெரிப்பா. முள்ளு திசை காட்டும். நேரா வருவான்."

"உன் பொட்டியில இருக்கற முள்ளுக்குக் கூட்டேரிப்பட்டு தெரியுமா?"

"அதுக்கு எதுக்கு கூட்டேரிப்பட்டு?"

"அதான் கேக்கறேன். தெரியாத முள்ள வெச்சிக்கினு எப்பிடிடா வருவான்?"

மாசிலாமணி தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். இவரோடு பேசி முடியாது என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. பதில் இல்லாதவன் முகம் அப்படித்தான் இருக்கும் என்று சுப்பராயலு எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை விடியலில் வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் போட்டு, பாஞ்சாலியின் கை உதவியோடு கெங்கம்மாளைப் படுக்க வைத்தார். அனந்தபுரம் பக்கத்தில் கெங்கம்மாளின் தம்பி விருத்தாசலத்துக்கு ஒரு கொல்லை இருந்தது. மல்லாட்டைக் கடலை பிடுங்கி முடிந்து சும்மா கிடந்தது. அதில் ஓலை வேய்ந்த ஒரு கொட்டாய், ஒரு கிணறு. ரோடும் இல்லை, தண்டவாளமும் இல்லை.

"நான் வரலன்னா உட மாட்டியா?" என்றாள் கெங்கம்மாள் வண்டியில் கிடந்தபடியே.

"எதுக்கு வர மாட்டே? உன் தம்பி ஊடுதானே?"

"தம்பி ஊட்டுக்கு நடந்து போயிருந்தா போறேன்னு சொல்லிக்கலாம். இப்ப மூட்டையாட்டம் போறேன்."

அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். செவலைக் காளையின் முதுகில் தட்டினார்.

விருத்தாசலம் கொட்டாயைப் பெருக்கி, கயிற்றுக் கட்டில் போட்டு வைத்திருந்தான். "பயப்படாத அக்கா, இங்க காக்கா கூட வராது," என்றான். அவன் பெண்டாட்டி சாயங்காலம் கஞ்சி கொண்டு வந்தாள். ஆனால் அவளுக்கு ஊரில் வீடும் மாடும் இருந்தன. வந்தாள், போனாள். மற்றதெல்லாம் சுப்பராயலுதான். கேப்பைக் களியைக் கரைத்து ஊட்டினார். துணி மாற்றினார். தலை வார முயன்றபோது கெங்கம்மாள் கத்தினாள்.

"யோவ், அது தலைய்யா. மாட்டு வாலு இல்ல."

"ஆடாம கெட."

"நானா ஆடறேன்? உன் கைதான் ஆடுது." அவர் சிக்கெடுக்கும்போது சொன்னாள், "ஊட்ல இருந்தா பாஞ்சாலி வருவா. தெருவுல யாராச்சும் சண்டை போடுவாங்க, கேட்டுக்கினு கெடப்பேன். இங்க இன்னா கீது? வெயிலு, நீ, மாடு. பேஜாரா கீதுய்யா."

"உசுரு பத்திரமா கீதா இல்லியா?"

"கீது. வெச்சிக்கினு இன்னா பண்றதுன்னுதான் தெரியல."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னும் பத்து நாள் பார்ப்போம் என்றார். மழைக்காலம் வரைக்கும்கூட இருக்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்ததைச் சொல்லவில்லை.

நாலாம் நாள் உச்சிப்பொழுது. காற்றே இல்லை. செஞ்சி மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. சுப்பராயலு கிணற்றடியில் வாளியோடு நின்றிருந்தார். மலைப்பக்கத்திலிருந்து, எங்கோ மாவரைக்கிற மாதிரி ஒரு சத்தம். காதில்தான் ஏதோ கோளாறு என்று தலையை ஒரு தரம் குலுக்கினார். சத்தம் நிற்கவில்லை. மலைக்கு மேலே ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளியா என்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்ப்பதற்குள் அதற்கு இறக்கை இருந்தது. சங்கு இல்லை, போன் இல்லை, ரோடு இல்லை. மல்லாட்டைக் கொல்லைகளுக்கு மேலே, இவரையே பார்த்து வருகிற மாதிரி தாழ்வாக வந்தது.

வாளி கிணற்றுக்குள் போயிற்று. அவர் கொட்டாயை நோக்கி ஓடினார். மயிலைக் காளை கயிற்றை அறுத்துக்கொண்டு வரப்பு தாண்டிப் போயிற்று. செவலை முளையைச் சுற்றிச் சுற்றி வந்து கழுத்தை இறுக்கிக்கொண்டது. அவர் உள்ளே பாய்ந்து கெங்கம்மாளின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். எங்கே தூக்கிக்கொண்டு போவது? குழி வெட்டவில்லையே. இங்கே எதற்குக் குழி என்றல்லவா இருந்தார்!

கெங்கம்மாள் இடக்கையால் கொட்டாயின் நடுக்காலைப் பிடித்துக்கொண்டாள். நல்ல கை அது ஒன்றுதான். அதில் இருந்த பலம் அவரை அசைய விடவில்லை.

"உடுய்யா!"

"அடியே, வர்றான்டி!"

"வர்றான்னா வரட்டும். குந்துய்யா கீழ!"

அவர் அவளை விட்டுவிட்டுக் கட்டிலடியில் உட்கார்ந்தார். தலைக்கு மேல் சத்தம் இடிந்து விழுந்தது. கூரை ஓலை அதிர்ந்து தூசி கொட்டியது. வாசல் வழியாகப் பார்த்தார். ஒரு பெரிய நிழல் கொல்லையின் மேற்கு வரப்பில் ஏறியது. அடுத்த கணம் கிழக்கு வரப்பில் இறங்கியது. நடுவில் கொட்டாய் ஒரு இமைப்பொழுது இருட்டாகி, மறுபடி வெளிச்சமாயிற்று. நாலு ஏர் பூட்டினாலும் ஒரு பொழுது பிடிக்கிற கொல்லை அது.

சத்தம் கிழக்கே போய்த் தேய்ந்தது. ஒன்றும் விழவில்லை. ஒன்றும் எரியவில்லை. கெங்கம்மாளின் விரல்கள் கொட்டாய்க்காலை விட்டுவிட்டு அவர் தோளில் இருந்தன. எப்போது மாறினவோ தெரியாது. அவளுடைய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆனால் வாய் சிரித்தது, கோணலாக.

"இன்னா, ரோடு போட்டுட்டாங்களா நம்ம கொல்லைக்கு?"

அவர் தலையில் விழுந்திருந்த கூரைத் தூசியைத் தட்டிக்கொண்டார். பிறகு சொன்னார், "வழி தப்பி வந்துட்டான். புது ஆளு போலருக்குது."

"யோவ், இங்க வந்து பாரு என்ன." கெங்கம்மாள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "என்ன ஊட்டுக்குக் கூட்டிக்கினு போ. இனிமே சங்கு ஊதினா என்னத் தூக்காத. தூக்கித் தூக்கி நீ விழுந்து செத்தா, எனக்குக் கஞ்சி ஊத்த ஜப்பான்காரனா வருவான்? கட்டிலுக்கடிலயும் தள்ளாத. உனக்குப் பயமா இருந்தா நீ குழிக்குப் போ. இல்லியா, பக்கத்துல குந்து."

"சும்மா குந்திக்கினு இருக்கறதா?"

"ஆறு நிமிஷம் கீதாமே. வெத்தலை மடிச்சுக் குடு. அதுக்குப் பத்தும்."

மயிலையைத் தேடிப் பிடிக்கச் சாயங்காலமாயிற்று. மறுநாள் வண்டி பூட்டினார்கள். விழுப்புரத்துக்குள் நுழைகிற இடத்தில் மாசிலாமணி நின்றிருந்தான். அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னான். "நேத்து போனது நம்ம ஏரோப்ளேன் பெரிப்பா. பெங்களூர்ப் பக்கத்துலருந்து வந்ததாம். அதான் சங்கு ஊதல. உங்க பக்கமாவா போச்சு?"

"பாக்கல," என்றார் சுப்பராயலு.

வண்டிக்குள்ளிருந்து கெங்கம்மாள் இருமினாள். இருமல் இல்லை அது என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த வாரம் ஒரு பிற்பகலில் சங்கு ஊதிற்று. இந்தத் தடவை ஒத்திகை இல்லை. ஒத்திகை என்றால் முன்னாலேயே தண்டோரா போட்டிருப்பார்கள். தெரு ஓடியது. பாஞ்சாலி வாசலில் நின்றாள்.

"நீ போ, புள்ளைங்களப் பாரு," என்று அவளைத் துரத்திவிட்டு சுப்பராயலு உள்ளே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். கை தானாக அவளுடைய தோளுக்கடியில் போகப் பார்த்தது. கெங்கம்மாள் முறைத்தாள். கையை இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வெற்றிலைச் செல்லத்தை இழுத்தார்.

தெருவில் ஓட்டம் அடங்கியது. பிறகு நாய்கூடக் குரைக்கவில்லை. வெற்றிலையை வேட்டியில் துடைத்தார். காம்பைக் கிள்ளினார். சுண்ணாம்பு தடவினார்.

"சுண்ணாம்ப ஒரு எடத்துல வெக்காத. நாக்கு வெந்து போவும்."

"தெரியும்டி."

"எங்க வந்துக்கினு இருப்பான் இப்ப?"

அவர் ஓட்டுக்கூரையைப் பார்த்தார். ஓட்டுக்கு மேலே பார்த்தார் என்றும் சொல்லலாம். இந்நேரம் தலைக்கு மேலே வந்துவிட்டிருக்கலாம். அந்த நிழல் வரப்பில் ஏறி இறங்கியது ஞாபகம் வந்தது. அவர் அதைத் தள்ளினார். "மயிலத்துக்குத் திரும்பற எடத்துல வருவான்," என்றார்.

"அப்ப நேரம் கீது," என்று கெங்கம்மாள் வாயைத் திறந்தாள். அவர் இடது கடைவாயில் வெற்றிலையை வைத்தார். அவள் மென்றாள். அவர் தனக்கொன்று மடித்துக்கொண்டார். இருவரும் மென்றார்கள். சாறு அவளுடைய வலது கடைவாயில் வழிந்தது. துண்டால் துடைத்தார். இன்னொன்று மடித்தார். கை ஆடிற்று. அவள் அதைப் பார்த்தாள், இந்தத் தடவை கேலி பேசவில்லை.

ஒன்றும் வரவில்லை. நெடுநேரம் கழித்து நீளச் சங்கு ஊதிற்று. ஜனங்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். மாசிலாமணி ஓடிவந்து வாசலில் நின்று இருவரையும் பார்த்து மூச்சை விட்டான்.

"கடல் பக்கமா திரும்பிப் பூடுச்சாம் பெரிப்பா. வந்திருந்தா? எட்டே நிமிஷம். நீங்க ரெண்டு பேரும் இப்பிடிக் குந்திக்கினு இருந்தா எப்பிடி?"

"வரலயே," என்றார் சுப்பராயலு.

"வந்திருந்தான்னு சொல்றேன்."

"வந்திருந்தா, இந்நேரம் கூட்டேரிப்பட்டத் தாண்டியிருக்க மாட்டான்."

"பெரிப்பா..."

அவர் வெற்றிலைச் செல்லத்தை மூடினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மாசிலாமணியைத் தாண்டித் தொழுவத்துப் பக்கம் நடந்தார். மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற நேரம். முற்றத்தைக் கடக்கும்போது ஒரு தரம் நின்று வடக்கே, திண்டிவனம் ரோடு இருக்கிற திக்கில், வானத்தைப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"எட்டு நிமிஷமாம்," என்று சொல்லித் துப்பிவிட்டு நடந்தார்.